இடது ஸ்பீக்கரில் பழுது

பிப்ரவரி 3, சனி

எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "சார் வரலியாம்மா?"

சார் வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றேன். என் வீட்டுக்காரர் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ப்யூஸ் போடச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கு ஆள் தேடிப் போய்விடுவார். நானோ முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் டெஸ்ட் டெஸ்கில் உட்கார்ந்தவள். பாளையங்கோட்டையில் யார் போன் செத்தாலும் என் மேஜைக்குத்தான் பழுதுச் சீட்டு வரும். லைனில் காதை வைத்ததும் கேபிளில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா, பிள்ளைகள் ரிசீவரை ஒழுங்காக வைக்கவில்லையா என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. ரிசீவர் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தார், அரிசி டப்பா கனம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொழிலில் ரிசீவர் என்றால் காதில் வைப்பது. இவர்களுக்கு அது ஹோம் தியேட்டரின் தலைமை நிலையம். சத்தத்தை வாங்கி, எந்த ஸ்பீக்கருக்கு எதை அனுப்ப வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் பெட்டி. எங்கள் எக்ஸ்சேஞ்சைச் சுருக்கி டப்பாவில் அடைத்த மாதிரி.

சாயங்காலம் மாப்பிள்ளை சிதம்பரம் பெங்களூரிலிருந்து பேசினார். "அத்தை, டிவிக்குக் கீழ ஒரு சவுண்ட் பார் வச்சா முடிஞ்சுது. வயரிங் எல்லாம் ஆள் வச்சுச் செய்யுற வேலை. இந்த வயசுல ஏணியில ஏறிக்கிட்டு..."

இந்த வயசுல என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். அஞ்சு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், அத்தனை வயரும் என் கையால்தான் என்று சொல்லிவிட்டேன். மார்ச் மூன்றாம் தேதி அவரும் மகள் கோமதியும் வருகிறார்கள். அன்றைக்கு மாடி அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பேசட்டும். முப்பத்திரண்டு வருஷம் ஊராரின் கரகரப்பைக் கேட்ட காது இது. இனிமேல் நல்லதாக நாலு சத்தம் கேட்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 5, திங்கள்

இன்று இவரும் கூட வந்தார். கடைக்காரர் பெயர் காஜா மைதீன். நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் இவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். இவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? தீர்ப்பு அங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

ரிசீவர் எத்தனை ஓம் தாங்கும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒத்துப்போகும்மா."

"ஒத்துப்போறதுக்கு இது என்ன கல்யாணப் பொருத்தமா? பெட்டியத் திருப்புங்க."

திருப்பினார். எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சடித்திருந்தது. நான் எடுத்து வைத்த ஸ்பீக்கர் ஆறு. சத்தம் கூட்டி வைத்தால் பெட்டி சூடேறி ஒருநாள் படுத்துவிடும். ஆறு ஓம் தாங்குவதாக எழுதியிருந்த வேறொன்றை எடுக்க வைத்தேன். ஸ்டாக் இல்லை, மதுரையிலிருந்து வரும் என்றார். வரட்டும், எனக்கென்ன அவசரம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வயர் வாங்கினேன். முதலில் கொடுத்ததைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம்.

"காஜா, இதத் தாலின்னு சொல்லிக் கட்டுவீங்களா?" என்றேன்.

அவர் உள்ளே போய்ச் சுத்தச் செம்பு வயரைச் சுருளோடு கொண்டுவந்தார். பின்னால் மாட்டும் ஸ்பீக்கருக்கு நாற்பது அடி ஓட வேண்டும், அதனால் தடித்த வயராகவே எடுத்தேன். கிளம்பும்போது, "நீங்க எங்கம்மா வேல பாத்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். சாரைப் பற்றி இன்று விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

காலையிலிருந்து வயர் இழுத்தேன். மின்சார வயரோடு ஒட்டி ஓடக் கூடாது, ஓடினால் உறுமும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகப் போக வேண்டும். ஒவ்வொரு முனையிலும் துணிநாடாவில் எழுதிக் கட்டினேன்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது. இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்தா மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்டார்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியை வயர் முனையில் தொட்டுக் காட்டினேன். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் எழும்பினால் சிவப்பு சிவப்போடுதான் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அஞ்சும் முன்னால் எழும்பின. இவர் கைதட்டினார்.

பிப்ரவரி 10, சனி

நேற்று வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். காதில் தண்ணீர் போய்விட்டது போலிருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து இடது காது அடைத்துக் கிடக்கிறது. உள்ளே கொய்யென்று ஒரு சத்தம் வேறு. தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தேன். ஒன்றும் வரவில்லை.

"டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?" என்றார் இவர்.

தண்ணீர் போனதற்கெல்லாமா டாக்டர்? தானாக வற்றும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரிசீவர் வந்தது. கடை விடுமுறையானாலும் காஜாவே கொண்டுவந்து தந்தார்.

பிப்ரவரி 12, திங்கள்

மாட்டிவிட்டேன். ரிசீவரில் ஒரு சோதனை வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கராக உஸ் என்று ஒரு சத்தத்தை அனுப்பும், எங்கள் டெஸ்ட் டோன் மாதிரி. நடு நன்றாக இருக்கிறது. வலது கண்ணாடி மாதிரித் தெளிவு. முன் இடது மட்டும் மங்கல், தலையணைக்குப் பின்னால் இருந்து பேசுகிற மாதிரி. புத்தம் புது ஸ்பீக்கர். இந்தக் காஜாவை என்ன செய்யலாம்?

இவர் சாப்பிடும்போது இடம் மாறி எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அங்கேதான் ஃபேன் காற்று வருகிறதாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

டெஸ்ட் டெஸ்கின் சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பழுது அதன் கூடவே போனால் அதுதான் குற்றவாளி. போகாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்.

இடது ஸ்பீக்கரை வலதிலும் வலதை இடதிலும் வைத்தேன். பழுது இடதிலேயே நின்றது. ஆக, ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை.

ரிசீவரின் முதுகில் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினேன். பழுது இடதிலேயே நின்றது. ரிசீவரும் இல்லை.

சுவரில் ஓடும் வயரைக் கழற்றிவிட்டு மிச்சம் இருந்த வயரைத் தரையில் போட்டு இணைத்தேன். அப்போதும் இடதில்தான். வயரும் இல்லை.

மாற்றிப் போட வேறு என்ன இருக்கிறது? அறைதான். இடது பக்கச் சுவரில் ஜன்னல், ஜன்னலில் தடித்த திரை. அதுதான் சத்தத்தைக் குடிக்கிறது. திரையை அவிழ்த்துவிட்டேன். பிறகு பீரோவை நகர்த்தினேன். இவர் மறுமுனையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் நான் இவரோடு பேசவில்லை.

இதை எழுதும்போது சமாதானபுரத்துப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வருகிறார். போனில் சத்தமே வரவில்லை என்று மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும் சோதித்து, 'லைன் சரி, சந்தாதாரர் பக்கம் பழுது' என்று எழுதிச் சீட்டை மூடினேன். நாலாவது முறை லைன்மேன் நேரில் போய் வந்து சொன்னார், பெரியவருக்குத்தான் காது கேட்கவில்லை என்று. டெஸ்க் முழுக்கச் சிரித்தோம். எதற்கு இப்போது இது?

பிப்ரவரி 15, வியாழன்

பெட்டியோடு ஒரு சின்ன மைக் வந்திருக்கிறது. உட்காரும் இடத்தில் வைத்தால் ரிசீவரே எல்லா ஸ்பீக்கரையும் அளந்து சொல்லும். வைத்தேன். இடதும் வலதும் சமம் என்று டிவி திரையில் காட்டியது. மைக் சரியில்லை.

கைபேசியும் சரியில்லை. இடது காதில் வைத்தால் ஒன்றும் விளங்குவதில்லை. வலதுக்கு மாற்றித்தான் கோமதியோடு பேசினேன். இவர் அவளிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"அம்மா, அஞ்சு நாளா காது அடச்சிருக்காம்லா? திடீர்னு இப்படி ஆனா உடனே டாக்டர்ட்டக் காட்டணும்மா. நாள் கடத்துனா நரம்பு போயிரும், திரும்ப வராதுன்னு சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதாங்க? உன் போன்லயா போட்டிருக்கு? தண்ணிதான். நீ மூணாம் தேதி வந்து படத்தப் பாரு."

நரம்பாம். இவள் பிறப்பதற்கு முன்னாலேயே நான் காதால் சம்பாதித்தவள்.

பிப்ரவரி 17, சனி

காஜா இன்னொரு ரிசீவரும் இன்னொரு மைக்கும் எடுத்துவந்தார். நல்ல மனுஷர், அதை மறுக்க முடியாது. ஒரு மணி நேரம் மாட்டினோம், கழற்றினோம். இடது மங்கல்தான். அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு தடவை கேட்டார்.

"யம்மா, எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்குது."

"சார் நீங்க?" என்று இவரிடம் கேட்டார். இவர் என்னைப் பார்க்காமல், "ஒண்ணு போலத்தான்" என்றார்.

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கத்திவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் டெஸ்கில் இருந்தவளுக்குக் கேட்பது, வயரைச் சுரண்டிப் பார்க்கக்கூடத் தெரியாதவருக்கும் ஆறுகளை எண்ணியவருக்கும் கேட்காது என்றேன். காஜா பெட்டியைக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டும்போது இவரிடம் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவர் என் இடது பக்கம் நின்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

குக்கர் அஞ்சு விசில் அடித்துவிட்டது என்று இவர் ஓடிவந்து அணைத்தார். நான் இரண்டுதான் எண்ணினேன். சாதம் குழைந்துபோனது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பின் வலது ஸ்பீக்கரின் தாங்கி தளர்ந்திருந்தது. டிவிக்கு முதுகைக் காட்டி நின்று திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். சோதனைச் சத்தம் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முன் இடது உஸ் என்றது. தெளிவாக. கண்ணாடி மாதிரி.

எட்டு நாளாக நான் கேட்கத் தவித்த சத்தம். திரும்பி ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபடி மங்கல். எழுந்து முதுகைக் காட்டினேன். மறுபடி தெளிவு. இப்போது முன் வலது மங்கியது.

மாற்றிப் போடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னை.

முன் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, வலது காதை விரலால் அழுத்தி அடைத்தேன். கூம்பு நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கையை வைத்தால் உள்ளங்கையில் அதிர்ந்தது. சத்தம் இல்லை.

லைன் சரி. சந்தாதாரர் பக்கம் பழுது.

பிப்ரவரி 21, புதன்

இவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். ஃபேன் காற்றெல்லாம் பொய். திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே அழுதேன்.

பிப்ரவரி 22, வியாழன்

காது டாக்டர் ரெஜினா. சின்ன வயசுதான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு வந்தபோது அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. இடதுக்கு வந்தபோது வெகு நேரம் சும்மா இருந்தேன். பரீட்சையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

தண்ணீர் இல்லை. நரம்பு.

"எப்போலருந்தும்மா?"

"பத்தாம் தேதி காலைல இருந்து."

டாக்டர் நாட்காட்டியைப் பார்த்தார். "அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா. முதல் ரெண்டு மூணு நாள்ல மாத்திரை ஆரம்பிச்சா நல்லா வாய்ப்பு உண்டு. இப்ப பன்னெண்டு நாள் ஆயிட்டு. மாத்திரையும் தாரேன், காதுக்குள்ள ஊசியும் போடுதேன். எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

இந்தப் பன்னிரண்டு நாளில் நான் திரையை அவிழ்த்தேன், பீரோவை நகர்த்தினேன், ஒரு நல்ல மனுஷரை வீட்டை விட்டு விரட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று என் வாயால் எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்! சொன்னவள் காதுக்கே சங்கு வந்து சேர்ந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பிப்ரவரி 26, திங்கள்

மாத்திரை தின்றால் சர்க்கரை ஏறுகிறது, தூக்கம் போகிறது, எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது. கடைசியாகச் சொன்னது எனக்குப் புதிதில்லை என்கிறார் இவர்.

கோமதி போனில் அழுதாள். "நாங்க வந்து உன்னப் பாத்துட்டுப் போறோம், அந்த தியேட்டரு கீயேட்டரு எல்லாம் இப்ப வேண்டாம்மா. திருப்பிக் கொடுத்துரலாம்."

எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? பழுது பெட்டியில் இல்லையே. சரியாக இருக்கிற லைனை எந்த மடையன் கழற்றுவான்? ஒரு காது போனால் பாதி வீட்டைப் பூட்டிப்போட வேண்டுமா? முடியாது என்றேன். மூன்றாம் தேதி படம் உண்டு, பாயசமும் உண்டு.

பிறகு காஜா கடைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "யம்மா, அன்னைக்கே எனக்குத் தோணிச்சு. சொல்ல நாக்கு வரல" என்றார். அன்று வாசலில் செருப்பை மாட்டும்போது சாரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அம்மாவ நாளைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க சார்னு சொன்னேன்" என்றார்.

அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு

மாப்பிள்ளை மாடியேறி வந்து முதலில் வயரைத் தேடினார். எங்கேயும் தொங்கவில்லை. நாடாவில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தில் மழை வந்தது. முன்னால் ஆரம்பித்து, தலைக்கு மேல் நகர்ந்து, பின்னால் போய் ஓட்டில் விழுந்தது. அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார், நிஜ மழையோ என்று.

"அத்தை..." என்றார். எனக்கு அது போதும்.

நான் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், எல்லாச் சத்தமும் வலது பக்கம் இருக்கும்படி. கோமதி மெதுவாக வந்து, "இடது ஸ்பீக்கரக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமாம்மா, உனக்காக?" என்றாள். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துவிட்டார்.

"தொடாதீங்க" என்றேன். "அது சரியா இருக்கு. என் காதுக்காக அதக் கோணலாக்க விட மாட்டேன். அது நேரா இருந்தாத்தான் என் காது எந்த அளவுக்குத் திரும்புதுன்னு எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளை ரிமோட்டைக் கீழே வைத்தார். இடைவேளையில் இவர் பாயசம் கொண்டுவந்தார். முந்திரியைக் கருக்கிவிட்டார்.

மார்ச் 7, வியாழன்

மூன்றாவது ஊசி. திரும்பவும் கண்ணாடி அறை. முதல் தடவையை விட, கேட்கும் அளவைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பேச்சு விளங்கும் அளவுக்கு இல்லை என்றார் டாக்டர். இன்னும் சில வாரம் பார்ப்போம், பிறகு கருவி வைக்கலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு, அதிலிருந்து முடி மாதிரி ஒரு வயர், வயர் முனையில் அரிசி அளவில் ஒன்று.

"இதுதாம்மா காதுக்குள்ள போறது. இதுக்குப் பேரு ரிசீவர்."

சிரித்துவிட்டேன். டாக்டருக்கு ஏன் என்று புரியவில்லை. அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இது எத்தனை ஓம், வயர் அறுந்தால் தனியாகக் கிடைக்குமா, நானே மாற்றலாமா என்று கேட்டேன். டாக்டர் விவரப் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "சார் வரலியா" என்று அவர் கேட்கவே இல்லை. சார் என் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 9, சனி

பழைய பழக்கத்தில் ஒரு பழுதுச் சீட்டு எழுதினேன்.

புகார் வந்த நாள்: பிப்ரவரி 10. கவனித்த நாள்: பிப்ரவரி 22. தாமதத்துக்குக் காரணம்: சந்தாதாரரின் திமிர். பழுது: இடது. பழுதைக் கண்டுபிடித்தவர்: ஆவுடையம்மாள், டெஸ்ட் டெஸ்க், ஓய்வு.

கடைசி வரியில் 'முடிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும். எழுதவில்லை. அந்தச் சமாதானபுரத்துப் பெரியவரின் சீட்டை மூன்று முறை மூடினேன் அல்லவா, அவர் விடாமல் நாலாவது முறையும் புகார் கொடுத்தார். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கு அவர் கட்சி நான்.

ஒரு வாரமாக இவர் தினமும் காலையில் எனக்கு லைன் டெஸ்ட் பண்ணுகிறார். என் வலது காதை நானே அடைத்துக்கொள்ள வேண்டும், இவர் இடது பக்கம் வந்து ஒரு வாக்கியம் சொல்வார். என்னவென்று நான் சொல்ல வேண்டும். இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. இவர் எப்போது பேசி முடித்தார் என்பதுகூடத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்று காலை அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றேன். காதை அடைத்துக்கொண்டேன். வெகு தூரத்தில், மழைத்தண்ணீர் இறங்கிய கேபிளுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கரகரவென்று ஒன்று வந்தது. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் யாரோ பேசுகிறார்கள். லைன் செத்துப்போகவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் உதடு அப்போதுதான் மூடியது.

"காவேரின்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"தாமிரபரணியா?"

"ஆறே இல்ல. வேற."

"அப்போ திரும்பச் சொல்லுங்க" என்று காதை இன்னும் அழுத்தி அடைத்துக்கொண்டேன். பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.